மச்சான் இல்லாத கடல்

வேலப்பன்சாவடியில் கடல் கிடையாது. எங்களுக்கு வாய்த்தது கூவம். அதுவாவது எங்கள் பக்கமாக ஓடி, நேப்பியர் பாலத்தைத் தாண்டி, ஒருவழியாக வங்கக் கடலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாங்கள்தான் சேர்வதில்லை. பூந்தமல்லி ஹைரோடில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவதிலேயே பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது.

கை காட்டுவது எங்கள் ஊரில் ஒரு கலை, சார். காலை எட்டரை மணிக்குப் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், திருவேற்காடு கருமாரியம்மன் பக்தர்கள், என்னை மாதிரி டிபன் பாக்ஸ் தூக்கிகள் என்று ஒரு கூட்டமே கை காட்டும். டிரைவரின் கண்ணோ கோயம்பேட்டைப் பார்த்தபடி இருக்கும். என் ஆபீஸ் நண்பன் இதற்கென்றே கனகாம்பரக் கலரில் ஒரு சட்டை வைத்திருக்கிறான். அதைப் போட்டால் பஸ் நிற்கிறது என்பது அவன் கட்சி. அந்தக் கட்சிக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு என்று புதுச்சேரிக் கடலில்தான் தெரிந்தது.

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளலாம் என்று கிளப்பியவனும் அவன்தான். "2021-ல நீலாங்கரைக் கடலுக்கு அடியில ஒரு ஜோடி கல்யாணமே பண்ணிக்கிச்சு மச்சி. நாம சும்மா போய் மீனைப் பார்த்துட்டு வரக்கூடாதா?" என்றான். நாலு நாள் லீவு போட்டோம். விடியற்காலை நாலு மணிக்கு அவன் பைக்கில் கிளம்பி, மதுரவாயலில் பைபாஸ் ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று ஈ.சி.ஆரைப் பிடித்தோம். மாமல்லபுரம் தாண்டியதும் இடது பக்கம் கடல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அதிலே போய் இறங்கப் போகிறோம் என்று நினைத்ததும் காலையில் சாப்பிட்ட இட்லி கொஞ்சம் அசைந்தது.

பயிற்சி கொடுத்த மாஸ்டருக்கு ராமநாதபுரம் பக்கம். வெயிலில் வெந்த உடம்பு, சிக்கனமான பேச்சு. முதல் பாடம் மூச்சு விடுவது பற்றி இருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி, மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு ஏன் சொன்னாங்க, தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினோம்.

தேன் எடுக்க மலை விளிம்பில் கயிறு கட்டித் தொங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டுமாம். கயிறை விட்டால் அறுவது சொந்தத் தங்கச்சி தாலி என்பதால் அவன் விடமாட்டான். முத்துக் குளிக்கிறவர்களைப் பற்றியும் இதே கதையைச் சொல்வார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். அதுவரைக்கும் குளியாளி ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார், படகில் ஒருவர் கயிறோடு நிற்பார். கீழிருந்து கயிறை இழுத்தால், "மேலே தூக்கு" என்று அர்த்தம். டெலிபோன், தந்தி, ஆம்புலன்ஸ் எல்லாமே அந்த ஒரு கயிறுதான்.

"ஸ்கூபாவில அந்தக் கயிறை அறுத்துட்டாங்க. காத்தை நீயே முதுகுல தூக்கிட்டுப் போற. சுதந்திரம்தான். ஆனா மேல மச்சான் கிடையாது" என்றார் மாஸ்டர்.

அடுத்து அவர் சொன்னது எங்கள் ஊர்க்காரனுக்கு ரொம்ப முக்கியம். கடலில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். தண்ணீருக்கு மேலே வந்த பிறகு எல்லாம் சரி என்றால், கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பெரிய வட்டம் காட்ட வேண்டும். கையை உயர்த்தி ஆட்டினால் ஆபத்து, உடனே வா என்று பொருள். படகைப் பார்த்ததும் குஷியில் டாட்டா காட்டுகிற பழக்கம் நம்மில் யாருக்கு இல்லை? கடலில் டாட்டா காட்டினால் காப்பாற்ற வந்துவிடுவார்கள்!

நாலாம் நாள்தான் விஷயம் மண்டையில் ஏறியது. நீரோட்டம் கொஞ்சம் பலமாக இருந்தது. கீழே மீன் கூட்டம், மெத்தென்ற பச்சை வெளிச்சம், என் மூச்சுச் சத்தம், சொர்க்கம்தான். மேலே வந்து தலையைத் தூக்கினால் படகு தீப்பெட்டி சைஸில் தெரிகிறது. ஒரு அலை வந்தது, படகு காணோம். அலை இறங்கியது, படகு இருந்தது. நமக்கே அது அப்படித் தெரிந்தால் அதற்கு நாம் எப்படித் தெரிவோம்? கறுப்பு உடை போட்ட ஆளின் தலை கடலில் மிதக்கிற தேங்காய் மாதிரிதான். அதுவும் வெயில் அலையில் பட்டுத் தகதகக்கும்போது தேங்காயாவது, மாங்காயாவது!

மாஸ்டர் பதறவில்லை. நாங்கள் மேலே வருவதற்கு முன்பே, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நிறுத்தியபோது, இடுப்பில் சுருட்டி வைத்திருந்த ஒரு ஆரஞ்சுப் பையில் காற்றை நிரப்பி, நூல் கட்டி மேலே விட்டிருந்தார். அது ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து, கனகாம்பரக் கலரில் தண்ணீர் மேல் நின்றுகொண்டிருந்தது. நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். தீப்பெட்டி மெல்லத் திரும்பி, படகாக வளர்ந்து, எங்களிடம் வந்தது.

கவனியுங்கள், அதிலும் ஒரு நூல் இருக்கிறது. அறுத்த கயிறை மனுஷன் கீழேயிருந்து மறுபடி கட்டி அனுப்புகிறான்.

மாஸ்டரின் பையில் வேறு என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? ஒரு விசில். கண்டக்டர் விசில் மாதிரி உள்ளே குண்டு உருளாதது. குண்டு நனைந்தால் சிக்கிக்கொள்ளுமாம். கையகலக் கண்ணாடி ஒன்று. வெயிலைப் பிடித்து அடித்தால் பல கிலோ மீட்டர் தள்ளியிருக்கிற கப்பலின் கண்ணைக் கூசவைக்கும். கண்ணாடி இல்லாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கிற பழைய சி.டி.யை எடுத்து வரலாம், நடு ஓட்டை வழியாகக் குறி பார்க்கலாம். அப்புறம் இருட்டிவிட்டால் ஒரு சின்ன டார்ச். இத்தனையும் ஜாக்கெட் பாக்கெட்டில் அடங்குகிறது, பாட்டரி டார்ச்சுக்கு மட்டும்தான்.

விசில் தண்ணீருக்கு மேலேதான். உள்ளே சிலிண்டரைக் கம்பியால் தட்ட வேண்டும். சத்தம் தண்ணீரில் காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது. அதனாலேயே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காது குழம்பிப்போகும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் புரியும். எங்கள் ஆபீஸ் இன்டர்காம் மாதிரி.

இதெல்லாம் எதற்கு, பணம் வாங்கியவன் எண்ணிக் கூட்டிப் போகமாட்டானா என்று கேட்கிறீர்களா? 1998 ஜனவரி 25-ம் தேதி ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம் லோனர்கன், எய்லீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பிவிட்டது. தலை எண்ணியதில் தப்பு. அவர்களுடைய பை படகிலேயே கிடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். அந்த இருவரும் கடைசிவரை கிடைக்கவில்லை. 2014 பிப்ரவரியில் பாலித் தீவுப் பக்கம் ஏழு ஜப்பானியப் பெண்கள் நீரோட்டத்தில் அடித்துப் போகப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து ஐந்து பேரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது.

"செல்போன் இருக்கே?" என்றான் நண்பன். செல்போன் கரைப் பக்கம் இருக்கிற வரை சரி. கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்று போட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் டவர் எட்டாத இடத்தில் அது வெறும் கேமரா. சாட்டிலைட் போன் வாங்கிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். நம் நாட்டில் அதற்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி வேண்டும். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏர்போர்ட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள்.

நம் மீனவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இஸ்ரோ தயாரித்த அவசர சிக்னல் கருவி 2010-லிருந்து புழக்கத்தில் உள்ளது. இருபதாயிரத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்கு வரும். சென்னையிலும் ஒரு மையம் இருக்கிறது. பழைய கருவியில் ஒரு குறை. அமுக்கினவருக்குப் பதில் வராது. கேட்டதோ இல்லையோ என்று நடுக்கடலில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2024-ல் வந்த புதுக் கருவி, 'உன் செய்தி கிடைத்தது' என்று திருப்பிச் சொல்கிறது. கரையில் இருக்கிற நமக்கு அது சின்ன விஷயம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எட்டவில்லை, கூப்பிட்ட குரலும் கரைக்கு எட்டவில்லை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் போய் இது சின்ன விஷயம் என்று சொல்ல முடியுமா?

கடைசி நாள் கரைக்குத் திரும்புமுன் படகோட்டி அண்ணன் எங்களை எண்ணினார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பெயர் சொல்லி எண்ணினார். அப்புறம் குனிந்து, படகின் மூலையில் இருந்த செருப்புகளை எண்ண ஆரம்பித்தார்.

"அது எதுக்குண்ணே?" என்றேன்.

"தலை எண்ணும்போது ரெண்டு பேர் இடம் மாறி உக்காந்துருவாங்க தம்பி. செருப்பு மாறாது. செருப்பு இருந்து காலு இல்லேன்னா, ஆளு தண்ணியில இருக்கான்."

மறுபடி எண்ணினார். ஒன்பது ஜோடியும் ஒரு ஒற்றைச் செருப்பும் வந்தது. இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டார். யாருடையது என்று தேடி, மற்றொன்று கயிற்றுச் சுருளுக்கு அடியிலிருந்து கிடைத்து, அதைப் போட்டுக்கொள்ளும் கால் இன்னாருடையது என்று நேரில் பார்த்த பிறகுதான் படகை மறுபடி கிளப்பினார். அது என் நண்பனுடைய கால்.