ஒரு விநாடியில் எட்டு

லூசியானா மாநிலத்தில், ஊருக்கு வெளியே ஒரு சுடுகளம். மூன்று பக்கமும் ஆளுயர மண்மேடு. நடுவில் வெள்ளை பெயின்ட் அடித்த ஐந்து இரும்புத் தகடுகள். நான்கு நீள்சதுரம், ஒன்று வட்டம். எழுபதை நெருங்கும் முன்னாள் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கியபடி நிற்கிறார். இடுப்பு உறையில் ரிவால்வர். "ஆர் யூ ரெடி?" என்கிறார் பின்னால் நிற்கும் நடுவர். பிறகு, "ஸ்டாண்ட்பை." பிறகு ஒரு பீப்.

வெடிச்சத்தமும் இரும்புச்சத்தமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு முடிந்துவிட்டன. நடுவர் கையிலிருந்த கருவி 2.80 என்று காட்டியது. பெரியவருக்குத் திருப்தி இல்லை. "முதல் குண்டுக்கே 1.40 போயிடுச்சு. பாதி நேரத்தை உறையிலேயே விட்டுட்டேன்" என்றார்.

இது 'ஸ்டீல் சேலஞ்ச்' வகைப் போட்டி. 1981இல் கலிஃபோர்னியாவில் மைக் டால்டன், மைக் ஃபிச்மேன் என்ற இருவர் தொடங்கியது. விதி எளிது. பீப் கேட்டதும் எடு, ஐந்து தகட்டையும் அடி, 'ஸ்டாப் பிளேட்' எனப்படும் தகட்டைக் கடைசியாக அடி. ஒன்றைத் தவறவிட்டால் மூன்று விநாடி தண்டம். பெரும்பாலான சுற்றுகளில் ஒருவருக்கு ஐந்து வாய்ப்பு. மோசமானதைக் கழித்துவிட்டு மீதி நான்கின் நேரத்தைக் கூட்டுவார்கள். இதே தகடுகளை இரண்டு விநாடிக்குள் முடிக்கும் கைகாரர்கள் உண்டு. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் மிகக் கடினமான சுற்றில்கூட ஐந்து குண்டுக்கு நான்கு விநாடி கொடுக்கிறார்கள். 2012இல் லண்டனில் நம் விஜய் குமார் வெள்ளி வாங்கியது அதில்தான். அங்கே தூரம் அதிகம், துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கும், ஒரே கையால் சுட வேண்டும். இரண்டும் வேறு வேறு வித்தை.

ஆனால் களத்தில் என்னை அதிகம் இழுத்தது துப்பாக்கியைவிட நடுவரின் உள்ளங்கைக்குள் அடங்கிய அந்த டைமர். அதற்குள் ஒரு மைக் இருக்கிறது. ஒவ்வொரு வெடியையும் கேட்டு, இரண்டு வெடிகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதை விநாடியின் நூறில் ஒரு பங்குவரை சொல்லிவிடுகிறது. அதனிடம் யாரும் பெருமை பேசிக்கொள்ள முடியாது. வேகத்தைப் பற்றிக் காலங்காலமாக அளந்த கதைகளுக்கெல்லாம் கணக்குக் கேட்டது கடிகாரம்தான்.

அந்தக் கணக்கை முதலில் பிடிவாதமாகக் கேட்டவர்களில் ஒருவர் எட் மெக்கிவர்ன். மொன்டானாவின் லூயிஸ்டவுனில் போர்டு எழுதிப் பிழைத்தவர். தூரிகை பிடித்த கைக்கு ரிவால்வர் மீது தீராத ஆசை. எவ்வளவு வேகமாகச் சுட முடியும் என்பதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள அவர் விரும்பவில்லை. மின்சாரத்தால் ஓடும் நேரமானிகளை அமைத்து, சாட்சிகளை நிறுத்தி, பல ஆண்டுகள் தன்னையே அளந்துகொண்டிருந்தார். 1932 ஆகஸ்ட் 20. தெற்கு டகோட்டாவில் லீட் கிளப் சுடுகளம். பதினைந்து அடி தூரத்தில் ஐந்து குண்டுகள், 0.45 விநாடி. ஐந்து துளைகளையும் ஒரு அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

தற்செயல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்றோ என்னவோ, அதை இரண்டு முறை செய்தார். கண்டதையும் கற்றதையும் 1938இல் தடித்த புத்தகமாக எழுதினார். போலீஸ்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். கடைசிக் காலத்தில் மூட்டுவாதம் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டது. 1957இல் இறந்தார்.

இந்த வேகம் எங்கே இருக்கிறது? எலெக்ட்ரீஷியன் பெரியவர் தன் ரிவால்வரைக் காலிசெய்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, மண்மேட்டைப் பார்த்துப் பிடித்துக் காட்டினார். டிரிகரை மெல்ல இழுக்கிறார். சிலிண்டர் ஓர் அறை நகர்கிறது, பின்னாலுள்ள சுத்தி எழுகிறது, சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்கிறது, சுத்தி விழுகிறது. புதிதாகச் சுடுகிறவர்கள் இதோடு வேலை முடிந்ததென்று நினைப்பார்களாம். "இனிமேல்தான் விஷயம்" என்று விரலை முன்னால் விட்டார். டிரிகர் முழுக்கத் திரும்பி வர வேண்டும். அவசரப்பட்டுப் பாதியிலேயே மறுபடி இழுத்தால் ரிவால்வர் ஒத்துழைக்காது. இழுக்கிற வேகத்தில்தான் விடவும் வேண்டும். அவருடைய ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் காய்ப்பு இருந்தது. டிரிகரில் விரல் அழுந்தி அழுந்தி வந்த காய்ப்பு.

அடுத்தது கண். குழாய் முனையிலுள்ள குறிமுள் குண்டு போகும்போது மேலே எழும்பி, மறுபடி கீழே வந்து உட்காரும். அந்த எழும்பலைப் பார்க்க முடிகிறவருக்குத்தான் குண்டு எங்கே போயிற்று என்று தகட்டின் சத்தம் வருமுன்பே தெரியும். கண்ணைச் சிமிட்டுகிறவர் குருட்டாம்போக்கில் சுடுகிறார். அவர் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் தண்டம் கட்ட வேண்டியதுதான்.

லூசியானாக்காரரான ஜெர்ரி மிகுலெக் இதையெல்லாம் எந்த உச்சத்துக்குக் கொண்டுபோனார் என்பதற்கு 1999ஆம் ஆண்டுச் சாதனைகள் சாட்சி. எட்டுக் குண்டு ரிவால்வரில் ஒரே இலக்கில் எட்டு, சரியாக ஒரு விநாடி. நான்கு இலக்குகளில் தலா இரண்டு, 1.06 விநாடி. ஆறு குண்டு ரிவால்வரில் ஆறையும் சுட்டு, வெற்றுக் கூடுகளைக் கொட்டி, புதிய ஆறைப் போட்டு, அவற்றையும் சுட 2.99 விநாடி. முதல் இரண்டில் விரலும் கண்ணும். மூன்றாவதில் கை முழுதும், ஒரு வீண் அசைவுகூட இல்லாமல். எனக்கு அந்த மூன்றாவதுதான் பெரிது.

சினிமா காட்டியது வேறு. 1950களில் கௌபாய் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் உறையிலிருந்து உருவும் மோகத்தைக் கிளப்பின. துப்பாக்கியும் உறையும் விற்றவர்கள் விற்றார்கள். எப்படி எடுப்பது, எப்போது விரலை உள்ளே விடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நிஜத் தோட்டாவோடு பழகிப் பலர் தங்கள் காலிலேயே சுட்டுக்கொண்டார்கள். ஆசையை விற்றுக் காசாக்கியவர்களுக்கு அந்தக் கால்களைப் பற்றி என்ன கவலை? அந்த விளையாட்டு பின்னர் மெழுகுத் தோட்டாவுக்கும் வெற்று வெடிக்கும் மாறியதால்தான் உயிர் பிழைத்தது.

இன்றும் அந்த வியாபாரப் புத்தி போகவில்லை. பெரியவர் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்புகிறார்: பழைய பித்தளைக் கூடு, மருந்து, ஈயக் குண்டு, அடியில் 'பிரைமர்' என்ற பொட்டுச் சில்லு. 2020இல் பிரைமருக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதை மொத்தமாக வாங்கிப் பதுக்கி, பல மடங்கு விலைக்கு விற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் வாரம் நூறு குண்டு சுடுவதையே கைவிட நேர்ந்ததாம். கோபப்பட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. பண்டத்தைச் செய்தவனுக்கும் அதைப் பயன்படுத்துகிறவனுக்கும் நடுவே, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தவன்தான் அந்த ஆண்டு லாபம் பார்த்தான்.

அந்த மாதங்களில் அவர் தோட்டா இல்லாமலே பழகியிருக்கிறார். தினம் இரவு, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சுவரில் ஒட்டிய காகித வட்டங்களை நோக்கி வெறும் துப்பாக்கியை எடுப்பது, இழுப்பது, விடுவது. மறுபடி போட்டிக்குப் போனபோது அவருடைய முதல் குண்டின் நேரம் முன்பைவிடக் குறைந்திருந்தது.