ஊசிக்குக் கை நீட்டியவர்கள்

ஜவ்வாது மலையடிவாரத்து எங்கள் ஊரில் இரத்த தானம் என்றால் இளைஞர்கள் தயங்குவதில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துச் சோதனைக்கும் ஆரோக்கியமான தன்னார்வலர்கள் தேவை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "அந்தச் சங்கதி நமக்கெதற்குத் தம்பி?" என்றார் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர். நோயையும் பாவத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

2006 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில் அத்தகைய சோதனை ஒன்று தொடங்கியது. வீரியம் குறைக்கப்பட்ட வேறொரு வைரஸில் எச்.ஐ.வி.யின் சில மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய தடுப்பூசி அது, அதனால் எச்.ஐ.வி. தொற்ற வழியில்லை. முன்வந்த 32 பேரும் அந்நோய் இல்லாதவர்கள், தொற்றும் வாய்ப்புக் குறைந்தவர்கள். சிலருக்கு வெற்று மருந்தே செலுத்தப்பட்டது. எவருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊசி பாதுகாப்பானது எனத் தெரிந்தது, ஆனால் பயன்பாட்டுக்கு வரும் நிலையை எட்டவில்லை.

ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா: ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் அல்லன். எனினும் அந்த 32 பேரை நினைக்கையில் இச்சொல்லே மனத்தில் எழுகிறது.

ஆபத்தே இல்லை என்று அழைப்பது அமானத்துக்கு மாறு செய்வதாகும். சென்னையிலும் பெண்கள் பங்கேற்ற செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல் சோதனை 2007 ஜனவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது. காக்க வேண்டிய ஜெல்லே தொற்றைக் கூட்டுகிறதோ என்ற ஐயம் இடைக்கணிப்பில் எழுந்ததே காரணம். அப்பெண்களின் பங்கேற்பால்தான் அந்த ஜெல் பிறரைச் சென்றடையவில்லை.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சில எச்.ஐ.வி. தடுப்பூசிகளால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, நோய் இல்லாமலே இரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்' எனக் காட்டக்கூடும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கவிருக்கும் பிள்ளைக்கு அது சிறிய விஷயமன்று. வைரஸையே நேரடியாகக் கண்டறியும் பரிசோதனையும் சான்றிதழும் தருவார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

தடுப்பூசி இன்றளவும் வரவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்தின் முடிவு 2024இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எவரேனும் முன்வர நிய்யத் வைத்தால், ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி, வீட்டாரோடு அமர்ந்து படியுங்கள். கையொப்பமிட்ட பின்னரும், காரணம் கூறாமலே, எந்நாளும் விலகிக்கொள்ளலாம்.