மலைக்குச் சுமந்து செல்லும் நீர்

புணே நகரின் கிழக்குப் புறத்தில், லோஹகாவ் விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த விமான் நகர், கணினி நிறுவன ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் மிகுதியாக வாழும் பகுதி. வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே அங்கிருந்து புறப்பட்டு, நகரைக் கடந்து, மேற்கே சஹ்யாத்ரியின் மலைக்கோட்டைகளுக்குச் செல்வோர் பலர். முதன்முறை மலையேறப் போகும் ஒருவர், காலணிக்கு அடுத்தபடியாகக் கடையில் தேடும் பொருள் தண்ணீர் கொண்டுபோகும் கலமே: முதுகுப்பைக்குள் வைத்துக் குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் நீர்ப்பையா, பிளாஸ்டிக் பாட்டிலா, எஃகுக் குடுவையா என்பது அவர்முன் நிற்கும் கேள்வி. பெரும்பாலும் விலையையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்தே அதற்கு விடை காணப்படுகிறது. ஆனால் அது மூன்றாவதாக எழ வேண்டிய கேள்வி. ஏறப்போகும் மலையில் நீர் எங்கே, எந்த மாதத்தில், எந்த நிலையில் கிடைக்கும் என்பது முதற்கேள்வி. ஏறுபவரின் உடல் எவ்வளவு நீரை இழக்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தவருக்குக் கலத்தைத் தேர்வது கடினமாக இராது.

சஹ்யாத்ரி, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பினால் ஆன மலைத்தொடர். பசால்ட் எனப்படும் இந்தக் கரிய எரிமலைப் பாறையில், விரிசல்களும் சிதைந்த அடுக்குகளும் உள்ள இடங்களைத் தவிர, நீர் ஊறித் தங்குவதற்கு இடம் குறைவு. மலைமுகட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. மழை மறைவுப் பகுதியான புணேயில் 700 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. இருப்பினும் முகட்டில் விழும் மழையில் பெரும்பகுதி செங்குத்தான சரிவுகளில் ஓடி இறங்கிவிடுவதால், ஆகஸ்டில் அருவியாக விழும் ஓடை, பிப்ரவரியில் வெறும் கற்படுக்கையாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் பார்த்த மலையை நம்பிக் கோடையில் அதே பாதையில் ஏறுபவர் ஏமாந்துபோவதற்கு இதுவே காரணம்.

இம்மலைகளில் வாழ்ந்தவர்களும் வழிநடந்தவர்களும் இந்த நீர்ப்பற்றாக்குறைக்குக் கண்ட விடை, பாறையைக் குடைந்து அமைத்த நீர்த்தொட்டி. மராத்தியில் அதை ‘டாக்கே’ என்பர். கொங்கணக் கடற்கரையிலிருந்து ஜுன்னருக்கு ஏறும் பண்டைய வணிக வழியான நாணேகாட் கணவாயில், சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டைத் தாங்கிய குகைக்கு அருகிலேயே இத்தகைய தொட்டிகள் உள்ளன. மும்பையின் கான்ஹேரி குடைவரைகளிலோ, குகையோடு சேர்த்து நீர்த்தொட்டியையும் வெட்டிக் கொடுத்தவர்களின் கொடை கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. பிற்காலக் கோட்டைகளில், மதிலுக்குக் கல் வெட்டி எடுத்த பள்ளமே தொட்டியாயிற்று. இவற்றுள் மிகச் சிறந்தவை, மேற்கூரையாகப் பாறையையே விட்டுவைத்து, நடுவே தூண்களை நிறுத்தி உட்புறமாகக் குடையப்பட்டவை. அத்தகைய தொட்டியின் விளிம்பில் குனிந்து பார்ப்பவருக்கு, வெயில் படும் முன்பகுதியில் பாசி படர்ந்திருப்பதும், தூண்களுக்கு அப்பால் நிழல் விழுந்த பகுதியில் நீர் தெளிந்து நிற்பதும் ஒரே பார்வையில் புலப்படும். வெயிலைத் தடுத்தால் ஆவியாவதும் பாசி பிடிப்பதும் ஒருசேரக் குறையும் என்பதை அவற்றைக் குடைந்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்த அறிவு எழுத்திலும் பதிவாகியுள்ளது. மராத்திய அரசின் அமைச்சராக இருந்த ராமச்சந்திரபந்த் அமாத்யர், 1715ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘ஆக்ஞாபத்ரம்’ என்னும் அரசியல் நூலில், கோட்டைக்கு இடம் தேரும்போது முதலில் நீரைப் பார்க்கச் சொல்கிறார். நீர் இல்லாத இடத்தில் கோட்டை அமைந்தே தீரவேண்டுமெனில் பாறையை உடைத்துத் தொட்டிகள் அமைக்க வேண்டும் என்றும், ஓர் ஊற்று இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது என்றும் அறிவுறுத்துகிறார். இவ்வறிவுரைக்குப் பின்னால் தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒரு வரலாறும் உண்டு. சத்ரபதி ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் தங்கி, 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையை எதிர்கொண்ட காலத்தில், மகாராட்டிரத்தில் அவர் சார்பாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் இந்த அமாத்யரே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்திய இராணுவ நிலக்காட்சிகளின் பன்னிரண்டு கோட்டைகளில் ராஜ்கட், ஷிவ்நேரி, ராய்கட் ஆகியவற்றோடு செஞ்சியும் இடம்பெற்றுள்ளது. முதலில் நீரைப் பார், ஒன்றை மட்டும் நம்பாதே என்னும் அமாத்யரின் இரு விதிகள் ஒரு படைக்குப் பொருந்தியது போலவே தனி மனிதரின் முதுகுப்பைக்கும் பொருந்துகின்றன.

இரண்டாம் கேள்வி உடலைப் பற்றியது. வெயிலில் சுமையோடு ஏறுபவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கலாம். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு நீர் குறைந்தாலே நடையின் வலுவும் கவனமும் தளரத் தொடங்குகின்றன. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 1.2 லிட்டர்தான். தன் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் விரைந்து நடப்பதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் குறிக்கும். இடையில் குடித்த நீரையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விமான் நகரின் தெருக்களிலேயே செய்து பார்க்கக்கூடிய இச்சோதனை, கடைக்காரர் சொல்லும் எந்தப் பொதுக்கணக்கையும்விட நம்பத்தக்கது. நீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், தேவைக்கு மிஞ்சிச் சுமப்பதும் வியர்வையைக் கூட்டும் செயலே.

இனிக் கலத்துக்கு வரலாம். தோல்பையில் நீர் சுமப்பது பழைய வழக்கம். வட இந்தியாவின் ‘மஷக்’ ஆட்டுத்தோலால் ஆனது. இன்றைய நீர்ப்பை 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தது. கடும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன் என்னும் அவசர மருத்துவ உதவியாளர், குளுக்கோஸ் ஏற்றும் பையில் நீர் நிரப்பி, அதை நீண்ட காலுறைக்குள் இட்டு முதுகில் பொருத்தி, குழாயைத் தோளின்மேல் கொண்டுவந்து குடித்தார். ‘கேமல்பேக்’ நிறுவனம் இதிலிருந்து உருவாயிற்று. இப்போது கடைகளில் கிடைக்கும் பைகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று லிட்டர் கொள்ளும் நெகிழ்வான பிளாஸ்டிக்கால் ஆனவை. குழாயின் முனையில், பல்லால் கடித்தால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் சிலிக்கோன் வால்வு இருக்கும். இதன் நன்மை இரண்டு. சுமை முதுகெலும்பை ஒட்டி நிற்பதால் நடை ஒருபுறம் சாயாது. மேலும், நில்லாமலும் கையை எடுக்காமலும் சிறிது சிறிதாகக் குடிக்க முடியும். மகாராட்டிரத்தின் மிக உயரமான சிகரமான 1,646 மீட்டர் கல்சுபாயில், இரும்பு ஏணிகளில் இரு கைகளாலும் பற்றி ஏறும்போது இந்த வசதியின் அருமை விளங்கும்.

நீர்ப்பையின் குறைகளும் இதே அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. பைக்குள் மறைந்திருப்பதால் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. காற்று மட்டும் வரும் கணத்தில்தான் தீர்ந்தது புலப்படும். முள் குத்தினாலோ வால்வு கழன்றாலோ நீர் முழுவதும் துணிமணிகளில் வடிந்துவிடும். ஆழமற்ற தொட்டியிலிருந்து அதை நிரப்புவதும் எளிதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் தூய்மையாக வைத்திருப்பது பெரிய வேலை. மலையேற்றத்துக்கு மிகுதியானோர் புறப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அடுக்குமாடி வீட்டுக்குள் துணிகூட உலராது. குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரத்தில் சில நாட்களிலேயே கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். நீளமான தூரிகையைக் குழாய்க்குள் செலுத்தித் தேய்த்து, வால்வைத் தனியே கழற்றிக் கழுவி, பையின் வாய் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே ஏதேனும் ஒன்றை நிறுத்தித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும்; இதற்குப் பொறுமை இல்லாதவர் நீர்ப்பை வாங்காதிருப்பதே நலம். அகன்ற வாயுள்ள பாட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிச்சம் கண்ணுக்குத் தெரியும், அளவு துல்லியமாக இருக்கும், எளிதில் நிரம்பும். ஒற்றைச் சுவருள்ள எஃகுக் குடுவை கனமானதாயினும், மூடியைக் கழற்றிவிட்டு நேரே அடுப்பில் வைத்து நீரைக் காய்ச்ச உதவும். வெப்பம் காக்கும் இரட்டைச்சுவர்க் குடுவையை அவ்வாறு நெருப்பில் வைக்கலாகாது.

மேலைநாடுகளில் இக்கலங்களைத் தேர்வோரில் வேட்டையாடுவோரும் உண்டு. அவர்களுக்கு ஓசையின்மை முதன்மையான தகுதி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேட்டையைத் தடைசெய்துவிட்டன. ஆனால் அதே ஓசையின்மை தேவைப்படும் வேறொரு கூட்டம் மகாராட்டிரத்தில் இருக்கிறது. புத்த பூர்ணிமா நிலவொளியில், காப்புக்காடுகளின் நீர்நிலைகளை ஒட்டிய பரண்களில் இரவு முழுவதும் அமர்ந்து, நீர் குடிக்க வரும் விலங்குகளைப் பார்த்துப் பதியும் தன்னார்வலர்களே அவர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் கையில் நெரியும் ஓசையோ, எஃகு மூடி தட்டும் ஓசையோ ஒரு விலங்கைத் திருப்பி அனுப்பப் போதுமானது. உள்ளிருக்கும் காற்றை முன்கூட்டியே வெளியேற்றிய நீர்ப்பை அங்கே மிகப் பொருத்தமான கலம்.

கலம் நிறைந்திருந்தாலும் நீர் நல்லதா என்னும் கேள்வி எஞ்சும். 2025 ஜனவரியில், புணேயின் சிம்ஹகட் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லான்-பாரே நோய் வழக்கத்துக்கு மாறாகப் பலரைப் பற்றியது. நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் கேம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாவும் நோரோ வைரசும் கண்டறியப்பட்டன. மாசுபட்ட நீரின்மீது ஐயம் விழுந்தது. மலையேறுவோர் பயன்படுத்தும் வடிகட்டிகள் பல, 0.1 மைக்ரான் அளவுள்ள நுண்துளைகளைக் கொண்ட இழைக்கற்றையால் ஆனவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேம்பிலோபாக்டர் அத்துளையைவிடப் பெரியதாகையால் தடுக்கப்படும். நோரோ வைரசோ அத்துளையினும் சிறியதாகையால் எளிதில் நுழைந்துவிடும். குளோரின் மாத்திரை வைரசை அழிக்கவல்லது, ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் தடித்த உறையிடம் தோற்றுப்போகிறது. அந்த ஒட்டுண்ணியையோ வடிகட்டி பிடித்துவிடும். ஆகவே முதலில் வடிகட்டி, தெளிந்த நீரில் மாத்திரையிட்டு, அதன் மேலுறையில் குறித்த நேரம் பொறுத்துக் குடிப்பதே முறை. ஒன்றை மட்டும் நம்பாதே என்னும் அமாத்யரின் விதி இங்கும் மெய்யாகிறது. அடுப்பு கைவசம் இருந்தால், நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் விடுவது போதும். மூன்று நிமிடம் என்னும் விதி 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்கு உரியது, சஹ்யாத்ரியின் கோட்டைகள் எதுவும் அவ்வளவு உயர்ந்தவை அல்ல.

நீர் மட்டுமே போதாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், பல மணி நேரம் வெறும் நீரையே மிகுதியாகக் குடிப்பவரின் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, தலைவலியும் குழப்பமும் தோன்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். 1971இல் வங்காளதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, போங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெருமளவில் கொடுத்து உயிர்களைக் காத்தார். அவ்வழி வந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒவ்வொரு முதுகுப்பையிலும் இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்தால்தான் அளவு பிசகாது. நீர்ப்பையில் கலந்தால் சர்க்கரை குழாயில் தங்கிப் பூஞ்சையை வளர்க்கும். சிம்ஹகட் கோட்டைப் பாதையோரக் கடைகளில் கிடைக்கும் உப்பிட்ட மோரும் எலுமிச்சைச் சர்பத்தும் வெள்ளரிக்காயும் இதே தேவைக்கு மலைமக்கள் தரும் நல்ல விடைகள்.

இவற்றைத் தொகுத்தால் தேர்வு தெளிவாகிறது. வழியெங்கும் கடைகள் உள்ள சிம்ஹகட்டுக்கு ஒரு பாட்டிலே போதும்; நம்பத்தக்க நீர்நிலை அரிதான ராஜ்கட்-தோர்ணா கோட்டைகளுக்கு இடையிலான மலைமுகட்டு நடைக்கு, இரண்டு லிட்டர் நீர்ப்பையும் ஒரு லிட்டர் அகன்றவாய்ப் பாட்டிலும் சேர்ந்ததே பாதுகாப்பு; இரவு தங்கும் பயணத்துக்கு இவற்றோடு வடிகட்டியும் மாத்திரையும் வேண்டும். பை கிழிந்தாலும் பாட்டில் மிஞ்சும். பாட்டிலில் இருப்பதைக் கடைசி இருப்பாகக் கருதித் தொடாமல் வைத்திருக்கலாம்.

தேர்வில் இன்னொருவர் நலனும் அடங்கியிருக்கிறது. பெருமழை பெய்யும் அதே மலைகளின் அடிவார ஊர்களில், ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெண்கள் குடங்களோடு நெடுந்தூரம் நடக்கிறார்கள். சில ஊர்கள் டேங்கரை எதிர்பார்த்து வாழ்கின்றன. விமான் நகர் உள்ளிட்ட கிழக்குப் புணேக்கோ, சஹ்யாத்ரியில் பிறக்கும் பாமா ஆற்றின் பாமா ஆஸ்கேட் அணையிலிருந்து 2021 முதல் குழாய்வழி நீர் வருகிறது. மலை தந்த நீர் வீட்டுக்குழாயிலேயே கிடைக்கும்போது, அதை நிரப்பிக்கொள்ளாமல் வெறும் பாட்டிலோடு சென்று ஊர்க்கிணற்றில் கேட்பது முறையன்று. தேவையான அளவைக் கணக்கிட்டுச் சுமந்து செல்வதும், தொட்டியில் கைகால் கழுவாமல் கலத்தில் முகந்து அப்பால் சென்று கழுவுவதும், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதும், அடுத்து வரும் மலையேறிக்கும் அங்கேயே வாழும் குடும்பத்துக்கும் நகரவாசி ஆற்ற வேண்டிய கடமைகள். எந்தக் கலம் சிறந்தது என்று கேட்பவருக்குச் சொல்லத்தக்க விடையும் இதுவே: தன் தாகத்தைத் தீர்ப்பதோடு, மலையில் பிறருக்கென இருக்கும் நீரில் கைவைக்கத் தேவையில்லாதபடி செய்யும் கலமே சிறந்த கலம்.