தலைத்துணி என்ன நிறம்?

வாசகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தாயார் பால்மரம் வெட்டப் போகும்போது தலையில் கட்டியிருந்த துணி என்ன நிறம்? உடனே பதில் சொல்ல முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். எனக்கும் தெரியும் என்றுதான் எழுபத்திரண்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மை அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிட்டது.

நான் பிறந்தது ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இப்போது ஜொகூர்பாருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு வயது பத்தொன்பது; கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சின்னஞ்சிறு மனித உருவங்களை வாங்கி, பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு வர்ணம் தீட்டுவான். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "மீசை முளைத்த பிள்ளைக்குப் பொம்மை விளையாட்டா?" என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினான்.

இது பழைய பழக்கம்தானாம். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் அந்தக் காலத்திலேயே தகரப் போர்வீரர்களை வார்த்து, வர்ணம் பூசி விற்றிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்திப் போர் விளையாடுவது எப்படி என்று 1913-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இப்போது இவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பேரன் செய்வது முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அதாவது ஐந்தடி உயரமுள்ள பெண், இங்கே நாலரை சென்டிமீட்டருக்கும் குறைவாக நிற்பாள்.

நமக்கும் இது புதிதல்ல. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் செட்டியார் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொந்தியும் கடையுமாக உட்கார்ந்திருப்பார்; எதிரே அரிசியும் பருப்பும் குவிந்திருக்கும். மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும் மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டுகிறார்கள். வங்காளத்துக் கிருஷ்ணநகரில் உழவர், நெசவாளர் என்று தொழில் செய்பவர்களையே மண்ணில் உருவாக்குவதில் பெயர் பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆனால் பால்மரம் வெட்டும் பெண்ணை எந்தக் கொலுப் படியிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷம்.

பேரனைப் போன்ற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், ஒரு கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் உண்டு. மாதத்துக்கு ஒரு தலைப்பு. முதல் தேதியில் தலைப்பைச் சொல்வார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் உருவத்தை முடித்துக்கொண்டு வந்து மேசையில் வைக்க வேண்டும். பழையதைக் கொண்டுவரக் கூடாது. எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள். வென்றவருக்குப் பணம் கிடையாது, கோப்பை கிடையாது. அடுத்த மாதத் தலைப்பைச் சொல்லும் உரிமைதான் பரிசு.

அந்த மாதத் தலைப்பு 'உழைப்பு'.

பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, நான் கொள்ளுப்பாட்டியைச் செய்யப் போறேன். பால்மரம் வெட்டுற மாதிரி. ஒரு படம் குடுங்க" என்றான்.

பெட்டியைத் திறந்தேன். அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். குளுவாங் பட்டணத்துப் படக்கடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பட்டுச் சேலை, தலையில் பூ, பக்கத்தில் ஒரு முக்காலியில் காகிதப் பூ ஜாடி. அந்தக் கோலத்தில் அம்மா வாழ்நாளில் எத்தனை நாள் இருந்திருப்பார்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் வேலை உடுப்புத்தான். அந்த உடுப்பில் அம்மாவைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நமக்கே தோன்றவில்லையே!

"படம் எதுக்குடா? நான் சொல்றேன், நீ செய்" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் கீழே கைலி. இடுப்பில் கொசுவத்தி புகையும். கையில் உளி. மரத்தில் மங்கு. தலையில் நீலத் துணி.

நீலம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. விடியற்காலை இருட்டில், பெரட்டுக்குப் போகும் முன் என் தலைமாட்டில் குனிந்து, போர்வையை இழுத்துவிட்டு, வரக்கோப்பியை மூடி வைத்துவிட்டுப் போகும் உருவம் ஒன்று. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலத் துணி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பேரன் ஐரோப்பியக் குடியானவப் பெண் உருவம் ஒன்றை வாங்கினான். தொப்பியைச் செதுக்கி எடுத்துவிட்டுப் பிசின் மாவினால் தலைக்கட்டு வைத்தான். பாவாடையைக் கைலியாக்கினான். ஒரு குச்சியில் மாவை அப்பி மரமாக்கினான். பிறகு வர்ண வேலை. முதலில் மேல் வர்ணம் ஒட்டிப் பிடிப்பதற்காக ஓர் அடிப்பூச்சு. விளாச்சேரிக்காரர் வெள்ளை பூசுகிறாரே, அதே கணக்கு. அதற்குமேல் வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிசாக இரண்டு தடவை. ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் மூக்கும் விரலும் மூழ்கிப்போகும். அதன் பிறகு பழுப்பு நிறத்தை மிக நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிட்டால், அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழலாகும். கடைசியில், வர்ணத்தைத் துடைத்தெடுத்த உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களில் லேசாகத் தேய்த்தால், அங்கே வெளிச்சம் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

பத்து நாளில் அம்மா நின்றார். பளிச்சென்ற சட்டை, பளிச்சென்ற கைலி, நீலத் தலைத்துணி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குப் பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

"அக்காகிட்ட காட்டுவோம்" என்றேன்.

என் அக்காவுக்கு வயது எழுபத்தொன்பது. குளுவாங்கில் மகளோடு இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. ஆனால் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் மரம் வெட்டிய கை அது. ஒரு சனிக்கிழமை பேரன் காரை எடுத்தான். வழி நெடுகச் செம்பனைதான். நாங்கள் பிறந்த தோட்டத்திலும் இப்போது ஒரு பால்மரம்கூடக் கிடையாது. காட்டுவதற்கு மரம் இல்லை. கேட்பதற்கு அக்கா மட்டும்தான் இருக்கிறார்.

அக்கா பொம்மையை உள்ளங்கையில் வாங்கி, முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனார். அப்புறம் விரலால் தடவினார். மரத்தைத் தொட்ட விரல் சட்டென்று நின்றது.

"என்ன ராசா, கோடு தலைகீழா ஓடுது?"

"எப்படிப் பாட்டி?"

"இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. நீ வலப்பக்கம் மேல வச்சிருக்கே. இப்படி வெட்டுனா கங்காணி வாயில விழுந்து எந்திரிக்கணும்."

எனக்கே வெட்கமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளை என்று பெருமை பேசிய நான் இதைக் கவனிக்கவில்லையே! மரத்தைப் பார்த்து நிற்கும்போது, கோடு இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். அக்கா இதைப் புத்தகத்தில் படித்தவர் அல்ல. அவருடைய கைக்குத் தெரியும்.

"சட்டை ரொம்ப சுத்தமா இருக்கே, கல்யாணத்துக்கா போறா? பால் தெறிச்சா முதல்ல வெள்ளையா இருக்கும், அப்புறம் பழுப்பாகும், ரெண்டு நாள் போனா கறுப்பாயிடும். எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. துணி அட்டை மாதிரி விறைச்சுப் போகும்" என்றார்.

குறைந்தது என்ன என்று இப்போது புரிந்தது. அந்தக் கறைதான்.

பேரன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "பாட்டி, கண்ணு மட்டும் சரியா வரலை. ரெண்டு தடவை அழிச்சுட்டேன்."

"பட்டையைப் பார்த்து வெட்டுறவளுக்குக் கண்ணு எங்கய்யா தெரியும்? இமையை மட்டும் போடு. கொஞ்சம் கண்ணை எடுத்தா உளி ஆழமா இறங்கிடும், மரத்துக்குக் காயம்."

எல்லாம் கேட்ட பிறகு நான் பெருமையாக, "தலைத்துணி சரிதானே அக்கா? அம்மா கட்டுற நீலம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "அம்மா எப்ப தம்பி நீலம் கட்டினாங்க? அம்மா கட்டினது மாவு மூட்டைத் துணி. வெள்ளைத் துணி, தேத்தண்ணி நிறத்துக்குப் போயிருக்கும். நீலம் நான்தான் கட்டினேன்."

நான் வாயடைத்துப்போனேன். தலைமாட்டில் வந்து போர்வையை இழுத்துவிட்டது? வரக்கோப்பியை மூடி வைத்தது?

"அதுவும் நான்தான். தங்கச்சி பொறந்தப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. அப்பா ஒத்த ஆளா நிரையை முடிக்க முடியாதுன்னு நான் கூடப் போனேன். ஆறாம் வகுப்பு முடிச்ச வருஷம், 1958. உனக்கு அப்ப அஞ்சு வயசு. உனக்கு எப்படித் தெரியும்?"

சாதாரணமாகத்தான் சொன்னார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. ஆனால் எனக்கு எதிரே நிற்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பெரியவர்களின் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இருட்டில் என்னைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறாள். நான் அவளை இத்தனை வருஷமாக அம்மா என்றே நினைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு நான் பட்டணத்துப் பள்ளிக்குப் போனேன். கிராணி வேலைக்கும் போனேன். அக்கா போகவில்லை. போக ஆசைப்பட்டாரா என்று நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கணக்கு எனக்கு நல்லா வரும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பேரன் மெதுவாக, "அப்ப நீலத்தை அழிச்சுட்டு வெள்ளை அடிச்சுடவா, தாத்தா? போட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு" என்றான்.

"வேண்டாம். நீலம் இருக்கட்டும். பேரை மாத்து. இது உன் பெரிய பாட்டி" என்றேன்.

அக்கா, "என்னைப் போய் எதுக்கு?" என்று சிரித்தார். ஆனால் பொம்மையை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேரன் சட்டையின் தோளை இறக்கினான். கை மடிப்பைப் பெரிதாக்கினான். சின்னப் பெண் பெரிய சட்டை போட்ட மாதிரி ஆயிற்று. மரத்துப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கோட்டைத் திருப்பி வெட்டினான். மங்கை இடம் மாற்றினான். கண்ணுக்குப் பதில் இமை. கடைசியாகச் சட்டையிலும் கைலியிலும் கறை. மூன்று ராத்திரி அதற்கே போயிற்று. வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று மூன்றும் வைத்தான்.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. இரும்புப் பட்டறைக்காரர் ஒருவரைச் செய்து வந்த பையன் வென்றான். அவன் வேலையும் பிரமாதம் என்று பேரனே சொன்னான். ஆனால் மேசையைச் சுற்றி வந்தவர்களில் ஒருவன், "வர்ணம் சிந்திவிட்டதா? உடுப்பெல்லாம் கறுப்புப் புள்ளியாக இருக்கிறதே" என்று கேட்டானாம். பேரன் பதில் சொல்வதற்கு முன்பே, பத்து பகாட்டிலிருந்து வந்த மலாய்ப் பையன் சொல்லிவிட்டானாம்: "அது சிந்தவில்லை. அது பால்கறை. என் பாட்டியின் உடுப்பிலும் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கும் இரண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது." அதன் பிறகு அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துக் கோடு ஓடும் பக்கத்தைப் பார்த்து, "சரியாக வெட்டியிருக்கிறாள்" என்றானாம்.

அந்த ஒரு வார்த்தையை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பின்னே?" என்றார். குரலில் எவ்வளவு பெருமை தெரியுமா!

இப்போது அந்தப் பொம்மை அக்கா வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வர்ணமும் தூரிகையுமாக உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். பொம்மைகூட வேண்டாம், ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் போதும். வீட்டில் இருக்கும் பெரியவரின் வேலை உடுப்பை வரையச் சொல்லுங்கள். வரையத் தொடங்கினால் கேள்வி தானாக வரும். கைலி என்ன நிறம், மங்கு எந்தப் பக்கம், வாளியை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள். தானாகச் சொல்லிப் பழகாதவர்கள் அவர்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது. பதில் சொல்ல அக்கா இருந்தார். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே கேளுங்கள்.