பேத்தி வந்த வழி

என் மகளுக்கு வலி கண்டு பன்னிரண்டு மணி நேரம் கடந்திருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு தளர்கிறது, இனிப் பொறுத்திருப்பதற்கில்லை என்றார் டாக்டர் அம்மா. மருமகன் சவூதியில் இருந்ததால், அறுவைக்கு ஒப்புதல் தந்து கையொப்பமிட்டவன் நான்தான். அரை மணி நேரத்தில் பேத்தியின் அழுகுரல் கேட்டது. தொற்று இருக்கலாம் என்ற ஐயத்தால் அந்தப் பச்சிளம் உடலில் மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசியும் ஏறிற்று.

நாற்பது கழிந்த ஒரு மாலை. எங்கோ அரைகுறையாய்ப் படித்ததை வைத்துக்கொண்டு, "சிசேரியன் பிள்ளைகளுக்கு வயிற்றில் நல்ல கிருமிகள் குறைவாம்" என்று சொல்லிவிட்டேன். பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் தலைநிமிர்ந்தாள்.

"அப்படியானால் என் பிள்ளைக்கு நான் குறை வைத்துவிட்டேனா, வாப்பா?"

அவள் கண்கள் நிறைந்தன. நான் வாயடைத்துப் போனேன். அதன் பிறகே அந்தச் செய்தியை முழுமையாய் அறிய முற்பட்டேன்.

செய்தி பொய்யன்று. 2019இல் பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். இயல்பாய்ப் பிறந்த குழந்தைகளின் குடலில் தாயின் குடலிலிருந்து வந்த நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன. அறுவையில் பிறந்தவர்களிடம் பாக்டீராய்ட்ஸ் என்னும் இனம் குறைந்தோ இல்லாமலோ இருந்தது. மருத்துவமனைகளில் உலவும் கிளெப்சியெல்லா போன்றவை அவ்விடத்தைப் பிடித்திருந்தன.

இது கத்தியால் வந்ததா, அறுவைக்குமுன் தாய்க்கு ஏற்றும் மருந்தால் வந்ததா? அதே ஆண்டு நெதர்லாந்தில் 120 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு இதற்கு ஓரளவு விடை தந்தது. அங்கே தொப்புள்கொடியைக் கவ்வியிட்டு அடைத்த பின்னரே தாய்க்கு மருந்து ஏற்றினார்கள். குழந்தைக்கு அது எட்டவில்லை. ஆயினும் வேறுபாடு தெரிந்தது. ஆகவே பிறக்கும் வழிக்கும் தனிப் பங்குண்டு.

குழந்தைக்கே ஏற்றும் மருந்தும் தன் தடத்தைப் பதிக்கிறது. 2022இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், முதல் வாரத்தில் ஆன்டிபயாடிக் பெற்ற 147 குழந்தைகளிடம் பிஃபிடோ என்னும் நன்மை செய்யும் கிருமிகள் குறைந்தன. சில மாறுதல்கள் ஓராண்டு வரை நீடித்தன. ஒப்பிட்ட மூன்று மருந்துக் கூட்டுகளில் பென்சிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்ததே குறைந்த மாறுதலை விளைத்தது. மருந்தை விலக்குவதைவிட, தேர்ந்து கொடுப்பதே அறிவுடைமை என்பது இதனால் விளங்கும்.

நான் படிக்காமல் விட்ட பாதி இனித்தான் வருகிறது. ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மங்கிவிடுகிறது. பாக்டீராய்ட்ஸ் மட்டும் பலரிடம் பின்தங்கி நிற்கிறது. சிசேரியனோடு ஆஸ்துமா போன்ற நோய்களைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் உண்டு. ஆனால் தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. தாய்ப்பாலிலோ குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகள் இருக்கின்றன. அவை யாருக்கு? பிஃபிடோ கிருமிகளுக்கு! பிள்ளைக்கு ஊட்டும் தாய், அவள் அறியாமலே அந்தச் சிற்றுயிர்களுக்கும் விருந்து வைக்கிறாள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தன. இவற்றுள் தேவையற்றவை எத்தனை என்ற கேள்வியை மருத்துவ உலகத்திடம் நாம் கேட்டே ஆகவேண்டும். தையல் ஆறாத வயிற்றோடு பாலூட்டும் பெண்ணிடம் அதைக் கேட்பது கொடுமை.

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "இதை முதலிலேயே முழுதாய்ப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே, வாப்பா" என்றாள். மறுமொழி சொல்ல என்னிடம் ஏதுமில்லை.

பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது. முற்றத்து மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பாட்டியிடம் அகப்படாமல் ஓடுகிறாள். அந்த ஒப்புதல் தாள் மீண்டும் என்முன் நீட்டப்பட்டால் தயங்காமல் கையொப்பமிடுவேன். அந்த மாலையில் சொன்ன சொல்லைத்தான் திரும்பப் பெற இயலவில்லை.