ரத்தக் கணக்கு

பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. குந்தி உட்கார்ந்தபடியே பாத்தி பாத்தியாக நகர வேண்டும். என் பெரியம்மா 40 வருஷம் அப்படி நகர்ந்தவள். இப்போது வாசற்படி இறங்குவதற்குள் முருகனை மூன்று தரம் கூப்பிடுகிறாள்.

மூட்டை மாற்றிவிடலாம் என்றார் திருச்சி ஸர்ஜன். பெரியம்மாவுக்குக் கத்தியிடம் பயமில்லை. "ஒடம்புல இருக்கற ரத்தமே கொஞ்சம். அதுவும் போயிட்டா?" என்றாள். ஹீமோகுளோபின் 10-க்கும் கீழே. கேள்வி நியாயமானதுதான்.

அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் அவள் மாப்பிள்ளை, "தொடையில காத்துப் பட்டை கட்டி இறுக்கிடுவாங்க அத்தை, ஒரு சொட்டு வராது" என்று தைரியம் சொன்னார்.

அது பாதி உண்மை. அந்தப் பட்டைக்கு டூர்னிக்கெட் என்று பெயர். 1718-ல் பாரிஸில் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்து ஒன்று செய்தார். 1904-ல் அமெரிக்க ஸர்ஜன் ஹார்வி குஷிங் அதில் காற்றை அடைத்தார். கட்டினால் அறுக்கும் இடம் சுத்தமாகத் தெரியும், செயற்கை மூட்டை ஒட்டும் சிமெண்டும் எலும்பை நன்றாகப் பிடிக்கும் என்பது வைத்தியர்கள் சொல்லும் காரணம். (அரியலூர்ச் சிமெண்டு என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு.)

ஆனால் பட்டையைத் தளர்த்தியதும் நின்ற ரத்தம் சும்மா இருக்குமா? மூட்டுக்குள்ளும் சதைக்குள்ளும் கசிகிறது. மேஜைமேல் சிந்தாததால் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான். மொத்தத்தில் பெரிய மிச்சம் இல்லை. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் வருஷத்துக் காக்ரேன் ஆய்வு, பட்டை கட்டினவர்களுக்கு மறுநாள் வலி அதிகம், கடுமையான சிக்கல்களும் கூடுதலாக இருக்கலாம் என்கிறது. கட்டாமலே செய்கிற ஸர்ஜன்களும் உண்டு.

உண்மையில் ரத்தத்தை மிச்சப்படுத்துவது டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து. பிள்ளைப்பேற்றில் ரத்தம் கொட்டி மடியும் பெண்களை நினைத்து, ஜப்பானில் உடாகோ ஒகமோடோ என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து 1962-ல் கண்டு சொன்னது. உறைந்த ரத்தம் கரையாமல் அது காக்கிறது. பெரும்போக்கு உள்ள பெண்கள் சாப்பிடும் மாத்திரையும் இதுதான்.

எங்கள் ஸர்ஜன் பட்டையைப் பற்றி அதிகம் பேசவில்லை. முதலில் இரும்புச் சத்து ஏற்றி ரத்தத்தைக் கூட்டுவோம், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். லீவு போட்டு வந்த மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அந்த வைத்தியர்மேல் அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

பெரியம்மா என் காதோடு சொன்னாள்: "தம்பி, வெங்காயம் எடுக்க அறுபத்தஞ்சு நாளாவும். அதுவரைக்கும் தள்ளிப்போடச் சொல்லேன்!"