தெனாலிராமன் செய்த வைத்தியம்

எங்கள் மீனுவுக்கு (பூனைதான், சார்!) தினமும் காலையில் ஒரு கிண்ணம் பால். காபிக்குக் குறைந்தாலும் மீனுவுக்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. பூனைக்குப் பால் வார்ப்பது புண்ணியமாச்சே!

பலன்? பாய், சோபா, என் வேட்டி என்று எங்கே பார்த்தாலும் கழிச்சல். "உங்க புண்ணியத்தை நீங்களே அலம்புங்க" என்று ஒதுங்கிவிட்டாள் மனைவி.

கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பால் குடுக்கறீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ் என்ஸைம், குட்டியாக இருக்கும்போது நிறையச் சுரக்குமாம். வளர வளரக் குறைந்துவிடுமாம். செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்துப் புளிக்க... அப்புறம் என் வேட்டிதான்! சுடச்சுடப் பாலை வைத்துப் பூனையை விரட்டிய தெனாலிராமன், தெரியாமலே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

"தயிர், சார்?"

"புளிச்ச தயிர்ல சர்க்கரை கொஞ்சம் கம்மி. ஒரு ஸ்பூன்னா பெரும்பாலும் தாங்கும். ஆனா அவசியமே இல்லை."

நான் சும்மா இருந்திருக்கலாம். "வெங்காயப் பச்சடின்னா நக்கி நக்கித் தின்னும்!" என்று பெருமையடித்தேன். டாக்டர் முகம் மாறிவிட்டது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடுமாம். மீனுவின் உதட்டை விலக்கி, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். ரத்தமும் எடுத்தார். ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை.

இப்போது கிண்ணத்தில் தண்ணீர்தான். மீனு முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறது. மிச்சமாகிற பாலில் எனக்கு இரண்டாவது காபி கிடைக்கும் என்று நினைத்தேன்.

"உங்களுக்கும்தான் வயசாச்சு!" என்கிறாள் மனைவி.